குவாரி மேட்டில் உப்பு போட மாட்டேன்

வெள்ளிக்கிழமை அடித்த பனிப்புயலில், குவாரி மேட்டு உச்சியில் குடியிருக்கும் என் தோழி வெர்னாவால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். இரண்டாம் முறையும் தவறினால் மூச்சு முட்டும், அதற்கு மேல் என்ன ஆகும் என்று அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை. ஆக, திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் ஆஸ்பத்திரி வேன் குவாரி மேட்டில் ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கியே ஆகவேண்டும். அந்த மேடு என் பொறுப்பு. வடக்கு ஒண்டாரியோவில் இந்தச் சின்ன ஊருக்குப் பத்தொன்பது வருஷமாகப் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்.

எங்கள் புது சாலைக் கண்காணிப்பாளர் மெர்வின், மைனஸ் ஐந்துக்கே நடுங்குகிற தெற்குப் பக்கத்து ஆள். செப்டம்பரில் வந்தார். வந்ததும், வழுக்காமலிருக்கச் சாலையில் தூவும் சரளை மணலை நிறுத்தினார். அது சாக்கடையை அடைக்கிறதாம், இனி பனியை உருக்க உப்பு மட்டும்தானாம். மணல் குவியலில் கொஞ்சம் உப்பு கலந்து வைத்தால்தான் அது உறையாமல் உதிரியாக இருக்கும். போடப்போகாத மணலுக்கு உப்பு எதற்கு என்று அதையும் தடுத்துவிட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல வெயில், மைனஸ் ஏழு. மனிதர் தானே லாரியை எடுத்துப்போய் மேடு முழுக்க உப்பைக் கொட்டினார். பனி உருகிக் கருப்புத் தார் தெரிந்தது. அதைப் படம் பிடித்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார். விடிவதற்குள் மைனஸ் இருபத்தொன்பதுக்கு இறங்கியது. அந்தக் குளிரில் உப்பு வெறும் கல். உருகிய தண்ணீர் அப்படியே கண்ணாடியாக இறுகிவிட்டது. சும்மா விட்டிருந்தால் மிதிபட்டு இறுகிய பனியில் டயருக்குப் பிடிப்பாவது இருந்திருக்கும்.

திங்கள் காலை ஏழரைக்கு மேட்டடியில் லாரியை நிறுத்தினேன். வயர்லெஸ்ஸில் மெர்வின் வந்தார்.

"டோரீன், உங்க லாரி உப்பே போடலன்னு இங்க ஸ்கிரீன்ல காட்டுது. ஸ்விட்ச் ரிப்பேரா?"

"ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அணைச்சு வச்சிருக்கேன்."

"இன்னும் ரெண்டு மடங்கு போடுங்க. உருகிடும்."

"ஏப்ரல்ல உருகும். இன்னைக்குக் குவாரி மேட்டுல நான் உப்பு போட மாட்டேன்."

"இது உத்தரவு."

"காதுல விழுந்துச்சு," என்று வயர்லெஸ்ஸை அணைத்தேன்.

மணல் கொட்டகைக்கு ஓட்டினேன். கடப்பாரையால் குவியலைக் குத்தினேன். பொறி பறந்ததே தவிர ஒரு பிடி மணல் உதிரவில்லை. திரும்பி வந்தபோது வேன் மேட்டடியில் குறுக்காக நின்றிருந்தது. டிரைவர் ரெஜான் ஜன்னலை இறக்கினான்.

"ரெண்டு தடவ ஏறிப் பாத்தேன், டோரீன். பாதியிலேயே பின்னாடி வழுக்குது. எட்டே முக்கால் வரைக்கும்தான் நிக்க முடியும்."

மணி எட்டு. இங்கே எல்லார் வீட்டிலும் விறகு அடுப்பு எரியும். எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் தகர டிரம் நிறைய சாம்பல் இருக்கும், மணலைப் போல அதுவும் டயருக்குப் பிடிப்புத் தரும். அதைச் சாலையில் கொட்டக் கூடாது என்று ஊராட்சியில் விதி உண்டு. ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி முதல் கதவைத் தட்டினேன். "வெர்னா போகணும், சாம்பல் வேணும்" என்றேன். அடுத்த கதவிலும் அதையே சொன்னேன். யாரும் விதியைப் பற்றிக் கேட்கவில்லை. பதினோரு வீட்டுக்காரர்களும் வாளியும் பனிச்சறுக்கு வண்டியுமாக வெளியே வந்தார்கள். மேலிருந்து கீழாக, சக்கரம் ஓடும் இரண்டு தடத்தில் மட்டும் கொட்டிக்கொண்டே இறங்கினோம். எல்லார் முகமும் கரி. வெர்னா கம்பளியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னடி, நான் சாகறதுக்கு முன்னாடியே சாம்பலத் தூவுறீங்க?"

"வாயை மூடிக்கிட்டு பூட்ஸ மாட்டுடி."

எட்டு நாற்பதுக்கு வேன் ஏறியது. ஊர்ந்து ஊர்ந்துதான், ஆனால் ஏறியது. அவளை ஏற்றிக்கொண்டு அதே தடத்தில் இறங்கித் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

அப்போதுதான் மெர்வின் வந்து சேர்ந்தார். சாம்பல் படாத இடத்தில் காலை வைத்தார். பத்தடி தூரம் உட்கார்ந்தபடியே வந்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மத்தியானம் அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நீட்டினார். உத்தரவை மீறியதற்கும் சாலையில் சாம்பல் கொட்டியதற்கும் தொடர்ந்து மூன்று நாள் இடைநீக்கம். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழேயே, "மறுபடியும் இப்படித்தான் செய்வேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார்.

"எப்பலருந்து?" என்று கேட்டேன்.

"நாளையிலருந்து."

"நாளன்னைக்குப் புதன். வெர்னா போகணும். நான் இல்லன்னா பெர்னி ஒருத்தர்தான் டிரைவர். நெடுஞ்சாலைய முடிச்சிட்டு அவர் மேட்டுக்கு வர பத்து மணி ஆகும்."

பேனாவை எடுத்துக் கடிதத்திலிருந்த தேதியை அடித்தார். "சரி, வியாழன்லருந்து."

"வெள்ளிக்கிழமையும் போகணுமே."

அடித்தார். "சனிக்கிழமை."

"சனி, ஞாயிறு, திங்கள். திங்கள்தான் இன்னைக்குப் பாத்தீங்களே."

சுவரிலிருந்த காலண்டரை வெகுநேரம் பார்த்தார். வெர்னா போகவேண்டாத மூன்று நாள் சேர்ந்தாற்போல் எந்த வாரத்திலும் இல்லை. நானும் அவசரப்படாமல் நின்றேன்.

"ஏப்ரல்ல வேணா குடுங்க," என்றேன். "இப்ப எனக்கு வேலை கிடக்கு. அந்த மணல உடைச்சு உப்பு கலக்கணும்."