தானாக அறும் வரை

லூசியானாவின் வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. உடனே அறுவை செய்ய வேண்டும். அவளுடைய வலக்கையில் ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. வீங்கிய இடது மணிக்கட்டில், பச்சை ரிப்பன் ஒன்று தோலுக்குள் புதைந்து கிடந்தது.

"வெட்டாதீர்கள்," என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

மெல்பேர்னின் அந்த மருத்துவமனையில் தாதியான நிரஞ்சினி ஆண்டுதோறும் கௌரி விரதம் பிடித்துக் கையில் காப்பு நூல் கட்டுகிறவள். காப்பை யாரும் வெட்டமாட்டார்கள். அடுத்த விரதத்தில் அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டுவார்கள்.

"வெட்டமாட்டேன்," என்று வாக்குக் கொடுத்தாள். வலியில் லூசியானா கண்ணை மூடியபோது, ஊசிமுனையால் மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்தாள்.

கண் திறந்த லூசியானா அலறினாள். "அவிழ்த்துவிட்டாயா? அது தானாக இற்று விழ வேண்டும்! முடிச்சுக்கு ஒரு வேண்டுதல். மூன்றாவது இந்தப் பிள்ளைக்கு!"

இடக்கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "யாரும் என்னைத் தொடாதீர்கள்."

மற்றத் தாதி பத்மா கதவருகில் வந்தாள். "என்ன நிரஞ்சினி, டாக்டர் கத்துறாங்க."

"ஒரு நிமிசம், அக்கா."

"உங்க ஊரு நிமிஷமா, எங்க ஊரு நிமிஷமா? துடிப்பு இன்னும் இறங்குது."

கத்தரிக்கோலைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்தாளே தவிர, அவிழ்க்குமுன் நிரஞ்சினி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலருகே குனிந்தாள்.

"இதை யார் கட்ட வேண்டும்?"

"வேறு யாராவது. எங்கள் ஊர் பஹியாவில், கோயில் வாசலில் என் தோழி கட்டிவிட்டாள்."

"காலில் கட்டலாமா?"

"சிலர் கட்டுவார்கள். ஆனால் அவிழ்த்தது பலிக்குமா?"

"எனக்குத் தெரியாது. பிழை என்னுடையது. உங்கள் சாமி கோபிப்பதென்றால் என்னைக் கோபிக்கட்டும், பிள்ளையை அல்ல."

லூசியானா அவளையே பார்த்தாள். பிறகு காலை நீட்டினாள்.

நிரஞ்சினி ரிப்பனைக் கணுக்காலில் தளர்வாகச் சுற்றி முடிச்சிட்டாள். ஒவ்வொன்றுக்கும் லூசியானாவின் உதடுகள் அசையக் காத்திருந்தாள். மூன்றாவதற்கு நேரமெடுத்தது. அவசரப்படுத்த வந்த பத்மா, டேப்பைக் கிழித்து நீட்டினாள். "ரிப்பன் மேல ஒட்டு. நனையாம இருக்கட்டும்."

லூசியானா இடக்கையைத் தந்தாள். ஊசி முதல் முறையிலேயே ஏறியது.

அறுவைக்கூடத்தில் குழந்தை பிறந்ததும் அழவில்லை. பத்மா துணியால் அதன் முதுகைத் தேய்த்தாள். திரைக்கு இப்பால், லூசியானாவின் கையைப் பிடித்தபடி, எந்தச் சாமி என்று பாராமல் நிரஞ்சினி கேட்டுக்கொண்டேயிருந்தாள். அப்படிக் கேட்பதை எந்தச் சாமியும் தள்ளுவதில்லை.

மெலிந்த அழுகை ஒன்று எழுந்தது.

"பொண்ணு," என்றாள் பத்மா.

லூசியானா நிரஞ்சினியின் கையை விடாமல், "கொண்டுவாருங்கள், பார்க்க வேண்டும்," என்றாள்.