பக்க ஓரத்தில் ஒரு வாசகர்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் மட்டும்தான் சொந்தம். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நூலகத்தின் மாடி அறைக்குப் போய்விடுவாள். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, அந்த மாதம் படித்த புத்தகத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள். அக்கா அதிகம் பேசமாட்டாள். வாரம் முழுக்க அடுத்தவர் மூக்கில் ஃப்ரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்து, “இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா” என்று கேட்டுக் கேட்டே தொண்டை வற்றியவளுக்கு அங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பதே சுகமாக இருந்தது.

அந்த மாதம் நூலகர் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு செங்கல்லைக் கொடுத்தார். எழுநூற்று நாற்பத்திரண்டு பக்கம். போரிலிருந்து வீடு திரும்பிய ஐந்து சிப்பாய்களின் கதை. திரும்பிய பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது தங்களில் ஒருவனோ என்று மிச்சமிருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். போகப் போகத் தங்களையே சந்தேகிக்கிறார்கள்.

பின்னட்டையைப் படித்ததுமே அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பியும் போருக்குப் போய்த் திரும்பியவன்தான். வந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது லிஃப்ட் மெக்கானிக். காலையில் கருவிப் பையோடு போவான், சாயந்திரம் கிரீஸ் கறையோடு வருவான். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு எப்படி அலறினார் என்று நடித்தே காட்டுவான். போரைப் பற்றி மட்டும் அவனும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கிளறாமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் இந்தப் புத்தகமா? பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, இஸ்திரி போட வேண்டிய துணிக்கு அடியில் ஒளித்து வைத்து, அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தாள். முந்நூறு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. மீதிக் கதையைக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

கூட்டத்தில் முதலில் பல் டாக்டர் ஆரம்பித்தார். “கதை ஜோர். ஆனா நடுவுல ஒரு இருநூறு பக்கத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். காவல் காக்கறாங்க, காத்துக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது.”

“உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பிடுங்கணும்” என்றார் நூலகர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேதியியல் டீச்சர் சிரிக்கவில்லை. “எனக்குப் படிச்சு முடிச்சதும் பயமாயிடுச்சு. எங்க மேல்மாடில ஒருத்தர் இருக்கார், ராணுவத்துல இருந்தவர். படியில எதிர்ல வந்தா இப்பல்லாம் ஒதுங்கி நின்னுடறேன். இவங்களுக்கு உள்ள என்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?”

சிலர் தலையாட்டினார்கள். அக்கா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனைவி பயப்படற இடம் ஒண்ணு வருமே, அதைப் படிக்கிறேன்” என்று நூலகர் பக்கத்திலிருந்த அக்காவின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முகம் சுருங்கியது. “யாரு இது? நூலகப் புத்தகத்துல பென்சில்ல எழுதி வெச்சிருக்கறது?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் இல்லையே!”

“கேளுங்க. அந்தக் காவல் காக்கற பக்கத்துல எழுதியிருக்கு. ‘இது சரி. இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்.’”

“யாருய்யா அது எனக்கு எதிரி?” என்றார் டாக்டர்.

நூலகருக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. “ஒருத்தன் ஜன்னலையே வெறிச்சுப் பார்ப்பானே, மூணு பக்கம்? அங்க, ‘யாராவது இவனுக்கு ஒரு டீ கொடுங்கப்பா.’” அறை மறுபடி சிரித்தது. “அவன் எப்பவும் கதவைப் பார்த்தே உட்காருவான்னு வர்ற இடத்துல, ‘நானும்தான். எனக்கு இடது காது சரியாக் கேக்காது. வர்றவங்க வாயைப் பார்த்தாத்தான் புரியும்.’”

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். எட்டிப் பார்த்தாள். சாய்ந்து சாய்ந்து, வரிக்கு வரி மேலே ஏறும், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. காதா? எத்தனை தடவை தம்பியைத் திட்டியிருக்கிறாள், கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாயா, அவ்வளவு திமிரா என்று!

நூலகர் அடுத்த பக்கத்துக்கு வந்திருந்தார். கதையில் மனைவி சமையலறைக் கத்திகளை ஒளித்து வைக்கும் இடம். “‘எங்க வீட்டிலும் ஒளிச்சாங்க. எனக்குக் கோபம் இல்லை. அக்கா நிம்மதியாத் தூங்கினாப் போதும்னு இருந்தது.’”

நூலகர் புத்தகத்தை மெல்ல மூடினார்.

“என் தம்பி” என்றாள் அக்கா.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, நான் தெரியாம ஏதோ...”

“நீங்க சொன்னதுல என்ன தப்பு டீச்சர்? ஒளிச்சு வெச்சவளே நான்தானே” என்றாள் அக்கா. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் தம்பி செய்தித்தாளை விரித்து, தரையில் உட்கார்ந்து ஒரு கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் புத்தகத்தை அவன் முன்னால் வைத்தாள்.

“மாட்டிக்கிட்டேனா?” என்றான்.

“நூலகப் புத்தகம்டா இது.”

“காலண்டர் தாள் சுத்தியிருந்துச்சு. உன்னோடதுன்னு நெனச்சேன்.”

“துணிக்கு அடியில இருந்ததை எப்படிக் கண்டுபிடிச்சே?”

“ரெண்டு வாரமா இஸ்திரித் துணி குறையவே இல்லையே. என் சட்டையைத் தேடினேன், கொலைகாரன் கிடைச்சான்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. “கத்தி விஷயம் உனக்குத் தெரியுமா?”

“தையல் மிஷின் டிராயர்ல இருந்துச்சு. மூணு மாசம் ரொட்டியை ஸ்பூன் காம்பால அறுத்தோம், அதுகூடவா தெரியாது? விடுக்கா. நான் ராத்திரி கத்தினதைக் கேட்டா யாருக்கும் பயம் வரும்.”

“காதைப் பத்தி ஏன் சொல்லல?”

“சொன்னா எப்படி ஆச்சுன்னு கேப்பே.”

அக்கா எழுந்து போய் அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். “இப்பக் கேக்கறேன். எப்படி ஆச்சு?”

அவன் பூட்டைக் கீழே வைத்தான். உடைந்துபோன ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பதினோரு நாள் காவல் காத்ததையும், கூடவே நெட்டை என்று ஒருவன் இருந்ததையும், அவன் சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவான் என்பதையும் சொன்னான். பன்னிரண்டாம் நாள் காலையில் நெட்டை அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தான். அந்த இடத்தில் வார்த்தை நின்றுபோயிற்று. அக்கா டீ போடுகிறேன் என்று எழுந்துபோகவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. அவன் தோளில் கை வைத்து, அவனே மறுபடி ஆரம்பிக்கும்வரை இருந்தாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவனும் வந்தான், கையில் ரப்பரோடு. நூலகர் அழிக்க விடவில்லை. “எழுதினது எழுதினதா இருக்கட்டும். முடிவைப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதலையே?”

“கோபத்துல பென்சில் முனை ஒடிஞ்சிருச்சுங்க” என்றான். “கெட்ட கனவு வர்றவன்தான் கொலைகாரன்னு முடிச்சிட்டாரு. கனவு வந்தா எழுந்து தண்ணி குடிப்போம். கொலைக்கா கிளம்புவோம்?”

“நடுவுல அந்த இருநூறு பக்கம்?” என்று விடாமல் கேட்டார் பல் டாக்டர்.

“அதுதான் டாக்டர் நிஜம். போர்ல முக்கால்வாசி சும்மா உட்கார்ந்திருக்கறதுதான். மீதி கால்வாசியைத்தான் சொல்ல வரமாட்டேங்குது.”

கூட்டம் முடிந்ததும் டீச்சர் அவனிடம் வந்து, “மேல்மாடிக்காரர்கிட்டப் பேசணும்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல” என்றாள்.

“தண்ணி வருதான்னு கேளுங்க டீச்சர். எல்லாரும் அதுலதானே ஆரம்பிக்கறோம்.”

மறுவாரமே அக்கா அவனைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, இடது காதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்றார். ஒரு கருவியைப் பொருத்திவிட்டு, “ஏதாவது பேசுங்கம்மா” என்றார்.

அக்கா அவனுக்கு இடது பக்கமாக வந்து நின்று, “டேய், கேக்குதா?” என்றாள்.

தம்பி திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். “டாக்டர், எங்க அக்கா ஆறு வருஷமா இவ்வளவு சத்தமாவா பேசிக்கிட்டு இருந்தா?”