சூடு ஆறாத எஞ்சின்

“இல்ல மஜீத் காக்கா, பொய் சொல்லாதீங்க. ஒரு கிழமையா ஓடாத வண்டிட எஞ்சின் எப்பிடி இப்பிடிச் சுடும்?”

சாலிஹ் கைய வெடுக்கெண்டு எடுத்து ஊதினான். வண்டிக்குச் சொந்தக்காரன் அப்துல் மஜீத், “வெயில்” எண்டான்.

வெயிலாம்! வண்டி நிக்கிறது மாமரத்துக்குக் கீழ, நல்ல நிழல்ல.

இது முப்பத்தெட்டாம் ஆண்டு. சாலிஹ் ஏறாவூர்ப் பொடியன், வாப்பாட தறியில நெய்யிற சாரனுகள ஊரூராக் கொண்டுபோய் விக்கிறவன். சைக்கிள் மிதிச்சி மிதிச்சி அலுத்துப் போன ஆள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாச் சோத்த வெச்சிட்டு றோட்டுக்கு ஓடுவான். காத்தான்குடியில ஒரு பி.எஸ்.ஏ. விலைக்கு நிக்கிதெண்டு கேள்விப்பட்ட நேரத்திலருந்து நித்திர இல்ல. முன்னூத்தம்பது சி.சி. பெருசுமில்ல, சின்னதுமில்ல. டேங்கில மூண்டு துவக்கு அடையாளம், துப்பாக்கியளக் கூம்பாச் சாத்தி வெச்ச மாதிரி. கியர்க் கம்பி டேங்குக்குப் பக்கத்தில. கிரவல் றோட்டுக்கும் ஓடும், கடக்கரை மணலுக்கும் ஓடும்.

ஆனா இஞ்ச வந்து பாத்தா எல்லாமே கோணல். ஆரும் தான் விக்கிற சாமானத் தானே தூத்துவானா? மஜீத் தூத்துறான். “பெற்றோலக் குடிச்சித் தள்ளும். செயின் அறும். உனக்கென்னத்துக்குடா தம்பி இந்தத் தலையிடி?” அவன்ட மாமி, பொஞ்சாதியப் பெத்த ஆயிஷா உம்மாவோ, கதவடியில நிண்டு முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டுப் புகழுறா. “தங்கமான வண்டி மனே. ஒரு நாளும் அடம் புடிச்சதில்ல. கையோட கொண்டு போங்க.” இதில ஏறியே பாக்காத பொம்புள என்னத்துக்கு இப்பிடி அவசரப்படுறா? சாலிஹ்க்கு ரெண்டு பேரிலயும் நம்பிக்கை இல்ல.

உதைச்சான். புடிக்கல்ல. இன்னும் உதைச்சான். சாரன்தான் அவுந்தது, எஞ்சின் அசையல்ல.

“நான் சொன்னனே!” எண்டான் மஜீத். அதச் சொல்லக்குள்ள அவன்ட மூஞ்சியில ஒரு சந்தோஷம்.

அங்கதான் சாலிஹ்க்கு மண்டையில பட்டது. சூடாக் கிடக்கெண்டா இப்பத்தான் ஓடியிரிக்கி. ஓடின வண்டி, நான் வந்தோண்ண ஏன் செத்துப் போச்சு?

“பிளக்கக் கழட்டிப் பாப்பம்.”

“பிளக்குக் கழட்டுற சாவி துலைஞ்சி போச்சுடா.”

“அதுக்கென்ன, நான் கொண்டந்திரிக்கன்.” மடியிலருந்து சாவிய எடுத்தான். மஜீத்துக்கு வேர்த்துக் கொட்டுது.

பிளக்கு வெளிய வந்தது. நுனியில ரெண்டு முனை, அதுக்கு நடுவுல நகம் போற அளவு இடைவெளி இரிக்கணும். அதுக்குள்ளதான் நெருப்புப் பொறி பாயும். இதில முனைய ஆரோ தட்டி மூடி வெச்சிரிக்கான். தட்டின இடம் புதுசாப் பளபளக்குது.

சாலிஹ் நிமிந்து பாத்தான். மஜீத் குனிஞ்சி, மாமிக்குக் கேக்காம, “டேய் தம்பி,” எண்டான். “வீடு பொஞ்சாதிட. வட்டையில கிடக்கிற வயக்காணியும் பொஞ்சாதிட. மாடு, தென்னம்புள்ள, எல்லாம் அவட பேரில. நான் உடுத்த உடுப்போட வந்தவன். இது ஒண்டுதான்டா என்ட. இதில ஏறி எங்கயும் போயிருவனெண்டு மாமிக்குப் பயம், அதான் வித்துப் போடு எண்டு நிக்கிறா.” கண்ணு கலங்கிப் போச்சு.

நம்ம பக்கத்துல கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதானே பொண்ணு வீட்டுக்குப் போய் இரிக்கிற. சாலிஹ்க்கும் வாற மாசம் கலியாணம். அவனும் இப்பிடி ஒரு வாசலுக்குள்ளதான் போய் நிக்கப் போறான். பிளக்கு உள்ளங்கையில சுடுது. ஒரு கத்தி நுனியால நெம்பினாப் போதும், வண்டி அவன்ட.

நெம்பல்ல. முனையப் பாத்தான், மஜீத்தப் பாத்தான், லேசாச் சிரிச்சான், அப்பிடியே திருப்பிப் பூட்டினான்.

“வேணாம் மாமி. இது சரிவராது.”

“அந்த வெள்ளச் சாமான உத்து உத்துப் பாத்தீங்களே மனே, அதுக்குள்ள என்ன இரிக்கி?”

“ஒண்டுமில்ல மாமி. கரி.”

மறுகா ஆயிஷா உம்மா கதவடியிலருந்து இறங்கி வந்தா. சாலிஹப் பாக்கல்ல. பிளக்கையே பாத்துக்கிட்டு நிண்டா.

ரெண்டு கிழமை போயிரிக்கும். சாலிஹ் சாரன் மூட்டையோட கல்லடிப் பாலத்தில சைக்கிள் மிதிக்கிறான், பின்னால தடதடெண்டு வருது அந்தச் சத்தம். மூண்டு துவக்கு! அதுக்கு மேல தபால் கந்தோர்ல வேலை பாக்கிற ஜெயராஜா, பல்லெல்லாம் வெளிய.

“எங்கடா எடுத்த?”

“மஜீத் காக்காட்டத்தான். ஒரே உதையில புடிச்சிட்டு மச்சான்!”

“அவன் தூத்தல்லயா?”

“தூத்துறதா? தங்கமான வண்டியெண்டு அவர்தான் சொன்னார். மாமியும் பக்கத்திலயே நிண்டா.”

ஜெயராஜா பறந்திட்டான். சாலிஹ் பாலத்து இரும்புல சைக்கிளச் சாத்திட்டு அப்பிடியே நிண்டான்.

மாமி அண்டைக்கு இவன்ட கண்ணு போன இடத்தப் பாத்தே பிளக்குலதான் கள்ளம் எண்டு புடிச்சி, மஜீத்தக் கொண்டே அதச் சரியாக்கி விக்க வெச்சிட்டாவா? அப்பிடியெண்டா மஜீத்தக் காட்டிக் குடுத்தது இவன்தான், வண்டியும் போச்சு. இல்லாட்டி, முதல்லயே ஜெயராஜாக்குத்தான் குடுக்கிறதெண்டு முடிவு பண்ணி வெச்சிட்டு, இவனக் கலைக்கிறதுக்கு மஜீத் அழுது காட்டினானா? அந்தக் கண்ண நினைச்சா உண்மை மாதிரித்தான் கிடக்கு. ஆனா நிழல்ல நிண்டுக்கிட்டு வெயில் எண்டவனும் அவன்தானே! வேலையக் காட்டினது மாமியா, மஜீத்தா, நீங்க என்ன நினைக்கிறீங்க, கெதியாச் சொல்லுங்களன்?