மணியன் கடைசியாகச் சொன்னது

மணியன் செத்துப்போனது சேந்தமங்கலம் பக்கத்தில், தன் சொந்த மரவள்ளிக் காட்டில், பட்டப்பகலில். அந்த வருஷம் மாவுப்பூச்சி விழுந்து செடியெல்லாம் நுனி சுருண்டு நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை. பாதிக் காட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிழலில் வந்து உட்கார்ந்தவருக்கு, மனைவி வசந்தாமணி அந்தக் கிழங்கையே வேகவைத்துக் கொடுத்தாள். ஒரு துண்டை வாயில் வைத்தார். ஏதோ சொன்னார். அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் வேறு யாருமில்லை. மகள் மதுமதி நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வசந்தாமணி சவ்வரிசி மில்லில் கிழங்குத் தோல் உரிக்கப் போனாள். கூட வேலை செய்தவர்கள் கொஞ்ச நாள் மணியனைப் பற்றி விசாரித்தார்கள். பிறகு அவள் பேச்செடுத்தாலே, “உடு வசந்தா, போனவரு போயிட்டாரு” என்று வாயை அடைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து அறிவுச்செல்வி வந்தாள். விளைவிக்கிறவர்களும் சமைக்கிறவர்களும் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே மேடையேறிச் சொல்லும் நிகழ்ச்சிகளை நடத்துகிற பெண் அவள். வசந்தாமணியைச் சேலம் சூரமங்கலத்துக்குக் கூட்டிப்போய், ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து முழுதும் கேட்டாள். வசந்தாமணி தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தபோது அவளும் அழுதிருந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா அவர் சொன்னது சபையில எடுபடாது. கேக்கறவங்க சிரிச்சிருவாங்க. காட்டைப் பத்தி அவர் வேற ஏதாவது சொல்லியிருக்காரா?”

“மண்ணு நம்மளக் கைவிடாதுன்னு எப்பவாச்சும் சொல்லுவாருங்க அம்மிணி.”

“அதையே கடைசியாச் சொன்னதா வச்சுக்கலாமா? அதுவும் அவர் சொன்னதுதானே?”

தன் புருஷனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதை வசந்தாமணியால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. சரியென்றாள்.

முதல் மேடையில் குரல் உடைந்துபோனது. அரங்கமே எழுந்து நின்றது. அடுத்து ஈரோடு, திருச்செங்கோடு, ஏதேதோ கல்லூரிகள். போகப்போக அழுகை நின்றது. எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும், எந்தச் சொல்லுக்குக் கைக்குட்டைகள் வெளியே வரும் என்பதெல்லாம் பழகிவிட்டது. முன்பின் தெரியாத ஜனங்கள் மணியனுக்காக அழுதார்கள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

இந்த முறை சேலத்தில் நிகழ்ச்சி. படிப்பு முடிந்து கோவையில் நர்ஸாக இருக்கும் மதுமதி லீவு போட்டு வந்திருந்தாள். அம்மா மேடையில் பேசி அவள் கேட்பது அதுவே முதல் தடவை. திரும்பும்போது பேருந்தில் ஆண்டகளூர்கேட் தாண்டும்வரை மகள் போனையே நோண்டிக்கொண்டு வந்தாள்.

“ஏஞ் சாமி, அம்மா நல்லாச் சொல்லலியா?”

“நல்லாத்தான் சொன்ன. ஆனா, அப்பா நெசமா அப்படிச் சொன்னாரா? பாதிக் காட்டைப் புடுங்கி எறிஞ்சுட்டு வந்த மனுசன், மண்ணு கைவிடாதுன்னு சொல்லுவாரா?”

வசந்தாமணிக்கு முகம் சுருங்கிப்போனது. “இல்ல கண்ணு. அது அந்த அம்மிணி வைக்கச் சொன்னது.”

“அப்ப அவரு என்னதான் சொன்னாரு?”

சொல்ல வாயெடுத்தாள். ஒன்றும் வரவில்லை. உப்பைப் பற்றியோ? கிழங்கு கசந்ததா? தட்டை நீட்டியது தெரிந்தது, அவர் வாய் அசைந்தது தெரிந்தது. அந்த வாயிலிருந்து வந்ததோ மேடையில் சொன்ன வாக்கியம்தான், அதுவும் அவளுடைய மேடைக் குரலில். கண்ணை மூடி மறுபடி முதலிலிருந்து நினைத்துப்பார்த்தாள். மறுபடியும் அதே வாக்கியம்.

“இருடி, அந்த அம்மிணிக்குத் தெரியும்” என்று அறிவுச்செல்விக்குப் போனைப் போட்டாள்.

“ஏதோ சிரிப்பான விஷயம்னு ஞாபகம் இருக்குக்கா,” என்றாள் அறிவுச்செல்வி. “சரியா வரலியே. மன்னிச்சுக்கங்க.”

மதுமதி கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான்தான் அன்னிக்கு இல்ல. அப்பா சொன்னது உன்கிட்ட மட்டுந்தாம்மா இருந்துச்சு” என்றாள்.

அதற்குப்பின் பல நாள் மில்லில் தோல் உரித்தபடியே வசந்தாமணி தேடினாள். அவர் கோபம், அவர் கிண்டல், உப்புக்குறைச்சலுக்கு அவர் முகம் சுளிப்பது என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப்பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

ஒரு நாள் அறிவுச்செல்வி கூப்பிட்டாள். “கரூர்ல ஒரு நிகழ்ச்சிக்கா. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்.”

வசந்தாமணி கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்துப் போட்டாள். பிறகு, “வாரேனுங்க” என்றாள்.

விஷயம் தெரிந்து மதுமதி போனில் கத்தினாள். “பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்கும்மா போற?”

“நெசந்தான் போயிருச்சே சாமி. இதையும் உட்டுட்டா உங்கப்பா வாயத் தொறக்கவே மாட்டாரு.”

மதுமதி போனை வைத்துவிட்டாள். கரூரில் வசந்தாமணி பிசகில்லாமல் சொன்னாள். முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள்.