நடுவில் வாங்கிய மூச்சு

கஸ்தூரிக்கு ஓராண்டாக ஒரு பழக்கம். தெருவில் எங்கேனும் பாட்டுச் சத்தம் எழுந்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முதலில் சன்னலைச் சாத்துவாள். அது எந்தப் பாட்டு என்று அதன் பிறகுதான் செவி கொடுப்பாள். வீட்டு ரேடியோவின் பேட்டரிகளைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

எல்லாம் கட்டிலில் கிடந்த கணவர் பரசுராமனுக்காகத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், தாமே மெட்டமைத்த பாட்டொன்றைச் சென்னைக்குச் சென்று இசைத்தட்டில் பாடிவிட்டு வந்தவர் அவர். பிறகு நெல் மண்டியில் குமாஸ்தாவாக அமர்ந்தபோதும், திருவண்ணாமலையில் அவருக்குப் 'பாட்டுக்காரர்' என்றே பெயர். சென்ற ஆண்டு வேலூர்க் குழு ஒன்று அதே பாட்டைக் கேசட்டில் பாடி வெளியிட்டது. இப்போது ஊரார் வாயில் அது வேலூர்க்காரன் பாட்டு.

"மனசு பதர்ற மாதிரி எதையும் அவர் காதுல போடாதீங்கம்மா" என்று இதய நோய் பார்த்த டாக்டர் எச்சரித்திருந்தார்.

அன்று எதிர்வீட்டில் மஞ்சள் நீராட்டு. மின்கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்த மைக்செட் ராஜமாணிக்கத்திடம் கஸ்தூரி ஓடினாள்.

"அந்தப் பாட்டு மட்டும் வேணாம்பா."

"அது இல்லாம எந்த விசேஷம்க்கா நடக்குது? வீட்டுக்காரங்க என்னையும் சேத்துக் கம்பத்துல கட்டிடுவாங்க."

"அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருப்பா."

சாத்திய சன்னலை அவன் ஒருமுறை பார்த்தான். "சரிக்கா. போடல."

உச்சிப்பொழுதில் பரசுராமனுக்கு மேல்மூச்சு வாங்கியது. டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, காற்று வரட்டுமென்று சன்னலைத் திறந்து வைத்தாள். அந்நேரம் பார்த்துத் தெருவில் அந்தப் பாட்டு எழுந்தது. சாத்துவதற்கு எழுந்தாள். கணவரின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"தெறந்தே இருக்கட்டும்."

பல்லவி முடிந்தது. அவள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரணத்தின் இரண்டாம் அடியில், ஒரு சொல்லின் நடுவே பாடகன் நின்று மூச்சு வாங்கித் தொடர்ந்தான்.

"பாத்தியா?" என்றார் பரசுராமன். "அன்னிக்கி எனக்கு ஜுரம். அந்த எடத்துல தம் நிக்கல, பாதியில மூச்சு வாங்கிட்டேன். இந்தப் பையன் அதையும் மெட்டுன்னு நெனச்சு அப்படியே வாங்கறான்."

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"பேட்டரியப் போட்டு எத்தினி நாளுடி சோறாக்குவ?"

சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. அது அடங்க நேரமாயிற்று.

"இன்னொரு தபா போடச் சொல்லு."

கஸ்தூரி தெருவைக் கடந்து போய்ச் சொன்னாள். ராஜமாணிக்கம் சாப்பிடப் போயிருந்தான்; செட்டருகில் இருந்த உறவுக்காரர் ஒருவர் கேசட்டைச் சுற்றிவிட்டு மறுபடி போட்டார். அவள் வாசற்படி ஏறும்போது பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. பாடகன் மூச்சு வாங்கினான். பரசுராமன் சன்னல் பக்கம் முகம் திருப்பியபடி கிடந்தார். அவர் மார்பில் அசைவில்லை.

எதிர்வீட்டார் செட்டை நிறுத்திவிட்டார்கள். மாலையில் ராஜமாணிக்கம் தானே குழாயை அவிழ்த்துக்கொண்டு வந்து கஸ்தூரி வீட்டு வாசலில் கட்டினான். கேசட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய இசைத்தட்டுப் பெட்டியும் இருந்தது.

"மன்னிச்சுடுக்கா. நான் சாப்பிடப் போன நேரத்துல…"



அவன் ஓர் இசைத்தட்டை எடுத்துச் சட்டையில் துடைத்தான். "அண்ணன் பாடின தட்டுக்கா. பத்திரமா வெச்சிருக்கேன். இதையே போடறேன். யார் பாட்டுன்னு ஊரு கேக்கட்டும்."

கஸ்தூரி தட்டை வாங்கிக்கொண்டாள். அதன் நடுவில் ஒட்டியிருந்த தாளில் கணவரின் பெயர் மங்கியிருந்தது. முந்தானையால் மூடி, அதை மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நீ கேசட்டப் போடு. அவரு இன்னொரு தபா கேட்டது அதத்தான்."