தம்பியின் செல்களில் மூடாத கதவு

எல்லோரும் தூங்கிய பிறகு சித்தியை எழுப்பினேன். ஆய்வகத்தில் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. தம்பியின் மரபணு ரிப்போர்ட்டைக் காலையில் எங்களுக்குப் படித்துச் சொன்னதும் அவள்தான்.

“சித்தி, தம்பிக்கு இந்தத் தசை நோய் வந்ததுக்கு நான்தான் காரணமா?”

“என்னடி உளர்றே?”

“கால் வலிக்குதுன்னு அழுவான். நடிக்கிறான்னு நினைச்சேன். லிஃப்ட் ரிப்பேர்னு பொய் சொல்லி தினமும் நாலு மாடி ஏற வெச்சேன். சோம்பேறி மூட்டைன்னு திட்டினேன்.”

சித்தி எழுந்து உட்கார்ந்தாள்.

“செல்லுக்குச் சக்தி தர்றது மைட்டோகாண்ட்ரியா. அதுக்குள்ள கால்சியம் போக ஒரு கதவு இருக்கு. வெளிய கால்சியம் எவ்வளவு இருக்குன்னு பார்த்து அதைத் திறந்து மூடறது ஒரு புரதம். தம்பிக்கு அது பிறவியிலேயே இல்ல. கதவு மூடாம கால்சியம் கசிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிற சவ்வு மடிப்பெல்லாம் குலைஞ்சிடும், சக்தியும் சரியா வராது. இது நீ உண்டாக்கினது இல்ல.”

“அப்பாடா!”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. முகம் எரிந்தது. அவனுக்குப் பிறவி நோய் என்றதும் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்திருக்கிறது.

“அப்போ படி ஏறும்போது நிஜமாவே வலிச்சிருக்குமா?”

“ரொம்பவே வலிச்சிருக்கும்.” சித்தி பூசி மெழுகவில்லை.

“அம்மாகிட்ட சொல்லிடாதே, ப்ளீஸ். தோலை உரிச்சிடுவாங்க.”

“உங்கம்மாவை விடு. படி ஏறினது யாரு?”

விடிந்ததும் தம்பியிடம்தான் சொல்ல வேண்டும். அவன் திட்டமாட்டான், “பரவாயில்லக்கா” என்பான். அதை நினைத்துத்தான் பயந்தேன்.