செவ்வாய்க்கு மட்டும் சோதனை

என் சாதகக் குறிப்பை மூன்று சாத்திரியார்மார் பார்த்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் பாரிஸில், மூன்றாமவர் வாட்ஸ்அப்பில். செவ்வாய்க் குற்றம் இல்லையென்று மூவரும் சொன்ன பிறகுதான், எனக்குப் பேசிய மாப்பிள்ளை பிரவீணனின் தாய் மங்கையற்கரசி ஜேர்மனியின் வுப்பர்டாலிலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு பீலெஃபெல்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் வடையைக் கடித்துக்கொண்டே, எங்கள் பரம்பரையில் யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர் என்று துருவினார். வருத்தங்களைப் பற்றித்தானே பேச்சு என்று நானும் வாயைத் திறந்தேன்.

"மாமி, கலியாணத்துக்கு முதல் எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாத்துக்கும் டெஸ்ட் செய்வம். நான் செய்திட்டன், ஒண்டுமில்லை. இனி பிரவீணன் செய்தாச் சரி."

தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னது மங்கையற்கரசியின் காதில் ஏறவேயில்லை.

"என்னத்துக்குப் பிள்ளை நீர் செய்தனீர்?"

"தெரிஞ்சிருக்கோணும் எண்டுதான்."

"ஒழுக்கமான பிள்ளையளுக்கு அது தேவையில்லை. என்ர மகன் பச்சைப்பாலன்!"

முப்பத்திரண்டு வயதுப் பாலகன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹம்பேர்க்கில் தனியாக இருந்த காலத்தில் இரண்டு காதலிகள் இருந்ததை அவனே முன்பு போனில் எனக்குச் சொல்லியிருந்தான். அந்த நேர்மைக்காகத்தான் அவனைப் பிடித்தது. "ஓம் அம்மா, நான் போறன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அருவருப்பு வந்தது. வானத்தில் கிடக்கும் செவ்வாயைச் சல்லடை போட்டுத் தேடிய கூட்டத்துக்கு, கதிரையில் இருப்பவனின் இரத்தத்தில் ஒரு சொட்டைப் பார்க்க மானம் போகிறதாம்!

பாதி வடையைத் தட்டில் போட்டுவிட்டு எழும்பிப் போனார்கள். அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கிழமையே பிரவீணன் ரகசியக் குரலில் போன் எடுத்தான்.

"அஜிதா, நான் செய்யிறன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எங்க போறது?"

என் மனம் கொஞ்சம் இளகியது. "சுகாதாரக் கந்தோரில நாளும் நேரமும் குறிச்சு டெர்மின் எடுங்கோ. பேர்கூடக் கேக்க மாட்டினம்."

"அங்க தமிழ் ஆக்கள் ஆரும் நிப்பினமோ?"

அவனுடைய பயமெல்லாம் அதுதான். இளகிய மனம் அப்படியே இறுகிவிட்டது.

"பயப்பிடாதேங்கோ. எங்கட ஆக்கள் சாத்திரியாரிட்டத்தான் நிப்பினம். நீங்களும் அங்க போய் வேற பொம்பிளை பாருங்கோ. ஆனால் டெஸ்டைச் செய்துபோட்டுப் போங்கோ. வாறவள் பாவம், வாய் திறந்து கேக்க மாட்டாள்."